கடைமடை அணி

புள்ளிப்பட்டியலை எல்லோரும் மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். மேலூர்ப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு அதைக் கீழிருந்து படித்துத்தான் பழக்கம். காரணம் விளையாட்டு அன்று, தண்ணீர். பெரியாற்று நீர் 1895இல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் படுகைக்கு வந்து சேர்ந்தது. அதன்பின் மதுரைச் சமவெளியில் இருவகை ஊர்கள் உண்டாயின. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். அதற்கப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அந்த ஒருபோகத்திலும் கால்வாயின் வால் போய் ஓயும் இடம் கடைமடை. தலைமடைக்காரர் எவ்வளவு எடுக்கிறார், நடுவில் எத்தனை மடை திறந்திருக்கிறது, முறைத் தண்ணீர் என்றைக்கு நிற்கிறது என்று மேலே நடப்பதையெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதே பருவக் கடைசியில் கடைமடைக்காரரின் வேலை. அவர் கையில் எதுவும் இல்லை. ஆனால் முழுப்பட்டியலும் அவருக்கு மனப்பாடம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தமிழ்த்துறை அறைக்கு வந்த முதுகலை மாணவர் ஒருவர் மடிக்கணினியில் ஒரு பட்டியலைக் காட்டினார். தொழில்முறை மிதிவண்டிப் பந்தயங்களைப் பாவனை செய்யும் விளையாட்டு அது. அதில் நாம் மிதிப்பதில்லை. ஓர் அணியின் மேலாளராக அமர்ந்து, வீரர்களை எடுத்து, யாரை எந்தப் பந்தயத்துக்கு அனுப்புவதென்று தீர்மானிக்க வேண்டும். பருவம் முடிய மூன்று வாரம் இருந்தது. அவர் அணி பதினெட்டில் பதினேழாவது. "கடைசி ரெண்டு டீம் கீழ எறங்கிரும் ஐயா" என்றார். இணைப்புப் பாடத் தேர்வின் முடிவைக்கூட அவர் அவ்வளவு கலக்கத்துடன் சொன்னதில்லை.

மிதிவண்டி விளையாட்டு என்றால் எங்கள் தலைமுறைக்கு நினைவில் எழுவது வேறு. ஊர்ப் பொட்டலில் ஒருவர் பல நாள் இரவு பகலாகக் கால் ஊன்றாமல் வட்டமடிப்பார். குழாய் ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருக்கும். குளிப்பதும் உண்பதும் வண்டியின் மேலேயே. கடைசி நாளில் அவர் சட்டையில் ரூபாய் நோட்டுகளைக் குத்துவார்கள். அங்கே எதிராளி கிடையாது, ஆகவே பட்டியலும் கிடையாது.

பட்டியல் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பியப் பந்தய உலகமே சான்று. சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுப் புள்ளிகளைக் கூட்டி, பதினெட்டு இடங்களுக்குள் வரும் அணிகளுக்கே மேல்தட்டில் இடம் என்று வகுத்தது. பெல்ஜியத்தின் லோட்டோ சூடால், இஸ்ரேல் பிரீமியர் டெக் ஆகிய இரண்டும் விளிம்பில் தொங்கின. அன்றைய கணக்கில் டூர் டி பிரான்சில் ஒருநாள் கட்டத்தை வென்றவருக்கு 120 புள்ளி. பெரிதாக யாரும் பேசாத, அதனினும் பல படி கீழான ஒருநாள் பந்தயம் ஒன்றை வென்றவருக்கு 125. உலகமே பார்க்கும் வெற்றியைவிடச் சாலையோரத்துச் சிலர் பார்க்கும் வெற்றிக்கு ஐந்து கூடுதல்! விளிம்பில் நின்ற அணிகள் நல்ல கால்களையெல்லாம் சிறு பந்தயங்களுக்கு அனுப்பின. இருந்தும் 2022 முடிவில் அவ்விரண்டும் கீழே இறங்கின. அடுத்த ஆண்டு டூர் கட்டத்தின் மதிப்பை 210 ஆக உயர்த்திக் கணக்கைச் சீர்செய்தார்கள்.

கல்லூரி ஆசிரியர்களான எங்களுக்கு இது விளங்காத செய்தி அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் பதவி உயர்வுக்குப் புள்ளிமுறையைக் கொண்டுவந்தபின், தமிழ்நாட்டில் கருத்தரங்குகளும் கருத்தரங்க மலர்களும் பெருகிய பெருக்கை அறிவோம். அந்த மலர்களுள் எங்கள் கட்டுரைகளும் உள. இதை இத்துடன் விடலாம்.

அந்த மாணவரின் பட்டியல் எங்களை இழுத்துச் சென்ற இடம் புக் கிரிக்கெட். இக்காலத்து இளையோருக்கு இதை விளக்கவேண்டியிருக்கிறது. ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்கவேண்டும். இடப்பக்க எண் எப்போதும் இரட்டைப்படை. அதன் கடைசி இலக்கமே அந்தப் பந்தின் விளைவு. இரண்டு, நான்கு, ஆறு என்றால் அத்தனை ஓட்டம். பூச்சியம் விழுந்தால் அவுட். எட்டுக்கு ஊருக்கொரு விதி; எங்கள் பள்ளியில் அது ஒற்றை ஓட்டம். ஐந்து முறைக்கு ஒருமுறை அவுட் என்பதால், சராசரியாக நான்கு அடி அடித்து ஐந்தாவதில் ஆட்டக்காரர் விழுவார். நான்கு அடிக்குப் பதின்மூன்று ஓட்டம். பத்து விக்கெட்டுக்கு 130. பின்னாளில் போட்ட கணக்கு இது. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், 130க்கு மேல் போனால் நல்ல ஆட்டம் என்பதுதான்.

புத்தகத் தேர்வில் கடுமையாக இருந்தோம். பத்தாம் வகுப்பு அண்ணன்களிடமிருந்து வந்த கோனார் தமிழ் உரை முதலிலேயே விலக்கப்பட்டது. பலர் கைபட்ட உரைநூல் தேர்வுக்கு உறுதியாக வரும் வினாவின் பக்கத்தில் தானாகவே திறந்துகொள்ளும். அந்தப் பக்கம் ஆறில் முடிந்தால் ஆட்டம் கெட்டது. படித்த புத்தகத்துக்கு நினைவு உண்டு. யாரும் படிக்காத புத்தகமே நடுநிலையானது. பள்ளி நூலக அலமாரியில் விறைப்பாக நின்ற லிஃப்கோ அகராதியை அந்தத் தகுதியால் தேர்ந்தெடுத்தோம்.

1992 பிப்ரவரி 22 அன்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உலகக் கோப்பை தொடங்கியது. ஒன்பது நாடுகள், ஒவ்வொன்றும் மற்ற எட்டுடனும் ஆடவேண்டும், முதல் நான்கு அரையிறுதிக்குச் செல்லும். எங்கள் வகுப்பிலும் ஒன்பது பேர் சேர்ந்தோம். சீட்டுக் குலுக்கி நாடு பிரித்தோம். அன்று முதல் பெயர்கள் மறைந்தன; நாடுகளே பெயர்களாயின. எங்களில் யார் எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். நாற்பது பக்க நோட்டின் கடைசித் தாளில் பட்டியலை எழுதிவந்தவன் நியூசிலாந்து. 36 ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி. முடிவில் கூட்டினால் 72 வரவேண்டும் என்று முதல்நாளே மூலையில் எழுதி வட்டமிட்டிருந்தான். அவன் இப்போது கூட்டுறவு வங்கி ஒன்றில் இருக்கிறான் என்பதில் எங்களுக்கு வியப்பில்லை.

புக் கிரிக்கெட்டில் திறமைக்கு இடமே இல்லை. எல்லா அணியும் ஒரே அணி. எல்லா ஆட்டக்காரரும் ஒரே ஆட்டக்காரர். எனினும் மார்ச் பாதியில் பட்டியல் எங்களைப் பிரித்து அடுக்கிவிட்டது. முதலிடத்தில் இருந்த இங்கிலாந்து கையை வீசி நடக்கத் தொடங்கினான். புத்தகத்தைத் திறக்குமுன் ஊதுகிற பழக்கம் அவனுக்கு வந்தது; மற்றவர்களும் ஊதத் தொடங்கினார்கள். நான்காம் இடத்துக்குப் போட்டியிட்ட இந்தியாவும் வெஸ்ட் இண்டீஸும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். புறத்திணையில் வென்றவனுக்கு வாகை இருக்கிறது, இழந்தவனுக்குக் கையறுநிலை இருக்கிறது. ஆறாம் இடத்துக்காரனுக்கு ஒரு துறையும் இல்லை. எங்கள் ஆஸ்திரேலியா அப்படித்தான் இருந்தான். அந்தக் கோடை முழுவதும் அவன் என்ன பேசினான் என்று எவருக்கும் நினைவில்லை.

ஜிம்பாப்வே ஆறு ஆட்டமும் தோற்றிருந்தான். ஓர் அணி தொடர்ந்து ஆறு தோற்பதற்கான வாய்ப்பு 64இல் ஒன்று. ஒன்பது பேர் ஆடும் இடத்தில் அது யாருக்கேனும் நேரக்கூடியதே. ஆனால் நாங்கள் அதை அவன் கைராசி என்றோம். அவன் வயலும் கால்வாயின் கடைசியில் இருந்தது. ஆகவே 'கடைமடை' என்ற பெயரும் வந்தது. அவன் சிரித்துக்கொள்வான். அவன் நாட்டின் உண்மை அணியும் அவ்வாறே இருந்தது. முதல் ஆட்டத்தில் இலங்கைக்கு எதிராக 312 ஓட்டம் எடுத்தும் தோற்றது. "முன்னூத்திப் பன்னெண்டு அடிச்சும் தோக்கணும்னா அதுக்கு ஒரு தெறம வேணும் மாப்ள" என்பான்.

அந்த ஆண்டு அவர்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. மார்ச் நடுவில் ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. ஆந்திரத்தில் உறவினர் ஒருவர் நடத்திய முறுக்குக் கம்பெனிக்கு அவனை அனுப்பிவிட்டதாக ஆறாம் வகுப்பிலிருந்த அவன் தம்பி சொன்னான். எங்கள் பக்கத்திலிருந்து பையன்கள் அப்படிப் போவது அப்போது புதிதன்று. வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டில் சில நாள் அவன் பெயரைக் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

பட்டியலிலிருந்து அடிப்பது அத்தனை எளிதாக இல்லை. அவனுக்கு இரண்டு ஆட்டம் மிச்சம்: இங்கிலாந்து, இந்தியா. வெஸ்ட் இண்டீஸ் தன் எட்டையும் முடித்து, இலங்கையுடன் கிடைத்த ஒரு சமனால் 9 புள்ளியில் நின்றான். இந்தியா 8. ஜிம்பாப்வேயுடனான ஆட்டத்தை வென்றால் இந்தியாவுக்கு 10, அரையிறுதி.

"ஆள்தான் இல்லையே, வாக்ஓவர் குடுத்துருங்கடா" என்றான் இந்தியா. இங்கிலாந்தும் ஒத்துக்கொண்டான்.

"ஆள் போனா டீமும் போயிருமாடா?" என்றான் வெஸ்ட் இண்டீஸ்.

அவனுடைய நியாயத்தில் தன்னலம் இருந்தது. ஆனால் கையில் சான்றும் இருந்தது. டீக்கடையில் கேட்டு வாங்கிவந்த, மார்ச் 18 ஆட்டங்களின் முடிவைத் தாங்கிய நாளிதழ்த் தாள். லீக் சுற்றின் கடைசி நாள் அது. பாகிஸ்தான் அதுவரை தோல்வியே காணாத நியூசிலாந்தை வென்று 9 புள்ளிக்கு வந்தது. அந்த ஒன்பதில் ஒரு புள்ளி, இங்கிலாந்திடம் 74 ஓட்டத்தில் சுருண்டபின் மழை வந்து கொடுத்தது. மெல்போர்னில் வெஸ்ட் இண்டீஸ் வென்றிருந்தால் 10 புள்ளியுடன் அது மேலே போய், பாகிஸ்தான் வெளியேறியிருக்கும். எதிரே ஆடிய ஆஸ்திரேலியாவுக்கோ, பாகிஸ்தான் வென்ற அக்கணமே கதவு அடைபட்டுவிட்டது. அதன்பின்னும் ஆடி 57 ஓட்டத்தில் வென்றது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 அன்று, பாகிஸ்தான் கோப்பையைத் தூக்கியது.

அந்த மார்ச் 18 அன்றே ஆல்பரி என்ற ஊரில் இன்னொன்றும் நடந்தது. ஏழு ஆட்டமும் தோற்ற ஜிம்பாப்வே, அரையிறுதியை உறுதிசெய்துவிட்ட இங்கிலாந்தை எதிர்கொண்டது. எடுத்தது 134. இங்கிலாந்து 125க்கு விழுந்தது. நான்கு விக்கெட் எடுத்த எட்டோ பிராண்டஸ் கோழிப்பண்ணைக்காரர். 1983இல் ஆஸ்திரேலியாவை வென்றபின் ஜிம்பாப்வே கண்ட முதல் வெற்றி அதுதான். பட்டியலில் எதையும் மாற்றவில்லை. இங்கிலாந்து இரண்டாமிடத்திலும் ஜிம்பாப்வே ஒன்பதாமிடத்திலுமே இருந்தன. அந்தச் செய்தியைச் சொல்ல எங்கள் ஜிம்பாப்வே ஊரில் இல்லை.

ஆடுவதென்று முடிவாயிற்று. அவனுக்காகத் திறப்பது யார்? எங்களில் எவர் திறந்தாலும் ஐயம் வரும். தம்பியைக் கூப்பிட்டோம். சத்துணவுத் தட்டைக் கழுவிவிட்டு, ஈரக்கையை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். விதி எதுவும் அவனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். அகராதியை இரு கையாலும் ஏந்தி, ஒவ்வொரு முறையும் முழுதாக மூடிவிட்டு, மெல்லத் திறந்தான். ஊதவில்லை. திறந்ததும் எண்ணைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்த்தான்.

இங்கிலாந்திடம் தோற்றான். மறுநாள் இந்தியா முதலில் ஆடி 118. தம்பி தொடங்கினான். மணி அடிக்கும் நேரத்தில் 113க்கு ஒன்பது விக்கெட். நான்கு வந்தாலும் போதாது. அவன் திறந்தான். ஆறு.

எவரும் கத்தவில்லை. வெஸ்ட் இண்டீஸ்கூடக் கத்தவில்லை. "அண்ணே, செயிச்சுட்டமா?" என்று தம்பி நியூசிலாந்தைக் கேட்டான். நியூசிலாந்து பட்டியலைத் திருத்தினான்: இங்கிலாந்து 14, பாகிஸ்தான் 12, தென்னாப்பிரிக்கா 10, வெஸ்ட் இண்டீஸ் 9, இந்தியா 8, ஆஸ்திரேலியா 8, நியூசிலாந்து 6, இலங்கை 3, ஜிம்பாப்வே 2. கூட்டினான். 72. அரையிறுதியும் இறுதியும் பின்னர் நடந்தன. யார் கோப்பை வாங்கினார் என்பதில் இன்றும் எங்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை. அந்த ஒன்பது வரிகளை மட்டும் எங்களில் எவரைக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வார்கள்.

இந்தியா பல நாள் அந்தச் சிறுவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தம்பி அதையும் அண்ணனுக்கு எழுதியிருக்கவேண்டும். பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் எங்கள் எல்லோருக்குமாக ஒரு பதினைந்து காசு அஞ்சலட்டை வந்தது. நலம், நலமறிய ஆவல். தம்பிமேல் இந்தியா கோபமாயிருப்பதாக அறிந்தேன், அவனுக்கு ஆட்டம் தெரியாது, விட்டுவிடச் சொல்லவும். இங்கே மாவு பிசையும் வேலை, கை நன்றாக இருக்கிறது. அடுத்த போட்டிக்குச் சீட்டுக் குலுக்கும்போது எனக்காக யாரும் எடுக்கவேண்டாம். ஜிம்பாப்வே என்றே எழுதிக்கொள்ளவும்.

அது பத்தாம் வகுப்பு. சீட்டுக் குலுக்கவில்லை.