கியரை மாற்றுவது யார்?

போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியற்காலையிலேயே இவ்வழியே மேலேறுகின்றன. ஓட்டுநரின் கையும் காலும் எத்தனை உயிர்களுக்குப் பொறுப்பு என்பதை இவ்வூரார் நன்கு அறிவர்.

அத்தகைய ஜீப் ஓட்டும் இளைஞர் ஒருவருக்குக் கார் பந்தயத்தில் பெருவிருப்பம். 2003-இல் கோவை செட்டிப்பாளையத்தில் தொடங்கப்பெற்ற கரி மோட்டார் ஸ்பீட்வே தளத்தில் ஒருநாளேனும் ஓட்டிவிட வேண்டும் என்பது அவர் கனவு. மோட்டார் நூல்களில் எனக்குள்ள பற்றை அறிந்த அவர் ஒருநாள் கேட்டார்: “சாமி, ஆட்டோமேட்டிக் கியர் காராக வாங்கிப் பந்தயத்துக்குத் தயார் செய்யட்டுமா? கியரை அதுவே பார்த்துக்கொள்ளும். மற்ற நாள்களில் அதிலேயே மெட்டுக்குச் சவாரியும் ஏற்றலாம்.”

பந்தயத்துக்கு ஆட்டோமேட்டிக் ஆகாது என்று சொல்வோர் உண்டு. ஆனால் 1965-இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஜிம் ஹாலும் ஹாப் ஷார்ப்பும் வென்ற சாப்பரல் காரில் கிளட்ச் மிதியே இல்லை. டார்க் கன்வர்டர்தான் என்ஜினின் விசையைக் கியர்ப்பெட்டிக்குக் கொண்டு சென்றது. எனினும், எந்தக் கியர் வேண்டும் என்பதை ஓட்டுநரே தீர்மானித்தார்!

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயருக்குள் பல வகைகள் உள்ளன. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. முறை மலிவானது, ஆனால் கியர் மாறும் கணத்தில் இழுவை அறுபடும். 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில் நாம் கண்ட பெல்ட் முறையும் கார்களில் உண்டு. நெடுநேரம் கடும் இழுவை கொடுத்தால் அது சூடேறும். இரட்டைக் கிளட்ச் முறை மிக விரைவானது; விலையும் பழுதுச்செலவும் மிகுதி. டார்க் கன்வர்டரோ உறுதியானது, பழகுநர்க்கு ஏற்றது.

ஓடும் மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறியொன்றை வைத்தால் காற்றின் வேகத்தில் அதுவும் சுழலுமன்றோ? கன்வர்டருக்குள் காற்றின் இடத்தில் எண்ணெய் இருக்கிறது. சாதாரணக் காரில், பிரேக்கை அழுத்தி நிறுத்திய நிலையில், என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்றுகள்வரை எழும். பந்தயக்காரர்கள் இதை 3,000-க்கு மேல் உயர்த்தி அமைப்பர். புறப்படும்போது வண்டி பாய்ந்து செல்லும். வளைவின் நடுவே கியர் தானே மாறிவிடாதபடி, மாறும் வேகத்தையும் உயர்த்தி வைப்பர்.

இந்த அமைப்போடு ஆள்களை ஏற்றி மெட்டுக்கு மெல்ல ஏறினால் என்னாகும்? கன்வர்டர் இடைவிடாது வழுக்கும், வழுக்கலெல்லாம் வெப்பமாகும், வெப்பம் எண்ணெயைக் கெடுக்கும். தனிக் குளிர்விப்பான் பொருத்தலாம். பந்தயத்தளத்தில் எதிர்க்காற்றே அதற்குப் போதும். மலையேற்றத்தின் மெதுவேகத்தில் விசிறியும் வேண்டும்.

இறக்கமோ இன்னும் கடினம். கியரைக் குறைத்து என்ஜினாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவது மலை ஓட்டுநரின் முதற்பாடம். லீவரை ‘டி’யில் விட்டுவிட்டால் பல வண்டிகள் மேல் கியருக்குத் தாவிவிடும். பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். சூடேறிய பிரேக் பிடிக்க மறுக்கும். ஆகவே மெட்டின் உச்சியிலேயே லீவரைத் தாழ்ந்த கியருக்குக் கொணர வேண்டும்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் பந்தய வண்டியில் ஆளேற்ற மாட்டேன், சாமி, காசு சேரும்வரை காத்திருக்கிறேன்” என்றார். கனவைத் தள்ளிவைப்பது இருபத்து நான்கு வயதில் எளிதன்று. அவருடைய வேகத்தைவிட இந்த நிதானமே எனக்கு அவர்மேல் மதிப்பைத் தந்தது.

தானியங்கி என்ற சொல் நம்மைச் சற்று மயக்கிவிடுகிறது. எந்தச் சுற்றில் பிடிக்க வேண்டும், எந்த வேகத்தில் மாற வேண்டும், எவ்வளவு சூடு தாங்க வேண்டும் என்பதையெல்லாம் பட்டறையில் மனிதன் ஒருவன் முன்னரே தீர்மானித்திருக்கிறான். வளைவில் அவன் கை ஓய்ந்திருக்கலாம். அவன் பொறுப்பு ஓய்வதில்லை. நம் வாழ்விலும் தாமாகவே நிகழ்வனபோல் தோன்றும் பழக்கங்கள் பல. அவற்றை எந்தப் பாதைக்காக, யாரை ஏற்றிச் செல்வதற்காக அமைத்தோம் என்று மலையுச்சியிலேயே எண்ணிப் பார்ப்பது நல்லது. இறங்கத் தொடங்கியபின் எண்ணுவதற்கு நேரம் குறைவு.