பரிசலா, மிதவைப் படகா?

தமிழ்நாட்டில் கொள்ளேகால் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மாந்திரீகம். விஷயம் தெரிந்தவர்கள் பட்டைச் சொல்வார்கள். காவிரியைச் சொல்பவர்கள் குறைவு. 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், மாநிலச் சீரமைப்பில் மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து 15 கிலோமீட்டர் போனால் சிவசமுத்திரம். காவிரி இரண்டாகப் பிரிந்து ககனசுக்கியாகவும் பரசுக்கியாகவும் விழுகிறது. கோலார் தங்கச் சுரங்கத்துக்கு 1902இல் மின்சாரம் போனது இங்கிருந்துதான்.

அருவியைப் பார்க்க வருபவர்களுக்கு அடுத்த ஆசை, படகில் ஏறுவது. இந்தப் பகுதியின் படகு பரிசல். கன்னடத்தில் ஹரிகோலு, தெப்ப என்பார்கள். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் தோல் போர்த்துவது அந்தக் காலம். தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பிடித்துக்கொண்டன. காவிரியோடு கீழே போனால் ஒகேனக்கல்லிலும் இதே வட்டம்தான். சுமார் 7 அடி அகலம், ஒரே துடுப்பு. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் முழங்கால் ஆழ நீரிலும் பாறைகளைத் தாண்டிப் போகும். ஆற்றின் குணம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த வடிவம்.

ஏரிக்கரையில் தோட்டமோ விடுதியோ வைத்திருந்து, முதன்முதலாகப் படகு வாங்க நினைப்பவருக்குக் கண் போவது மிதவைப் படகின் மீது. பாண்டூன் என்று விற்கிறார்கள். இரண்டு அலுமினியக் குழாய்கள், மேலே தட்டையான தளம், சுற்றிலும் கம்பி, நிழலுக்குக் கூரை, பின்னால் மோட்டார். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி 1952இல் இரும்புப் பீப்பாய்கள் மேல் பலகைத் தளம் அமைத்து மிதக்கவிட்டதுதான் இதன் தொடக்கம் என்பார்கள். காலி டிரம்களைக் கட்டித் தெப்போற்சவம் நடத்தும் நம் கோயில்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது.

விற்பவர் இருக்கைகளைக் காட்டுவார். வாங்குபவர் குழாய்களைப் பார்க்க வேண்டும். உள்ளே தடுப்பறைகள் இருந்தால் ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் படகு மூழ்காது. 60 சென்டிமீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் கொண்ட குழாய்கள் இரண்டும் பாதி நீரில் இருக்கும்போது தாங்குவது சுமார் 1,700 கிலோ. படகும் மோட்டாரும் எரிபொருளும் 900 கிலோ என்று வைத்துக்கொண்டால், மிச்சத்தில் பத்துப் பேர். பதினைந்து நாற்காலி போட இடம் இருக்கிறதே என்று நினைப்பதில்தான் ஆபத்து. மூன்று குழாய் வைத்த படகு கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும். மேல்தளம், சறுக்குமரம் எல்லாம் வேண்டவே வேண்டாம். பாரம் உயர உயர, படகு கவிழ்வதும் எளிது.

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று கவிழ்ந்தது மிதவைப் படகு அல்ல, இரண்டடுக்கு உல்லாசப் படகு. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள். இறந்தவர்கள் 45 பேர். 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் போனார்கள். பெரும்பாலோர் உயிர்காப்பு அங்கி அணியவில்லை. உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 மோட்டார் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சோதனையும் கேட்கிறது. விலைப் பட்டியலோடு அந்தச் சான்றையும் கேட்டு வாங்காதவர், அங்கிக்கும் காசு ஒதுக்க மாட்டார்.

ஏரிக்குப் பொருந்தும் இந்தப் படகைச் சிவசமுத்திரத்துக்குக் கொண்டுவந்தால் கதையே வேறு. பாறை குழாயை நசுக்கும், மோட்டாரின் விசிறியை உடைக்கும். கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் மதகு திறந்தால் ஆறு சில மணி நேரத்தில் முகம் மாறிவிடும். 2018 வெள்ளத்தில் இங்கிருந்த பழைய வெஸ்லி பாலத்தின் ஒரு பகுதியே அடித்துச் செல்லப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் மிதவைப் படகை இழுத்து வைக்க டிராக்டர் வேண்டும். பரிசலை ஓர் ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேடேறிவிடலாம்.