சதுரங்க ஆசான்

நன்னூல், நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கினை உவமையாகக் கூறும். வகுப்பில் அவற்றை மனனஞ் செய்த காலத்து யான் பொருளை உணர்ந்தேனல்லேன். உணர்த்தியது ஒரு சதுரங்கப் பலகை.

எம் இல்லம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அணித்தே உள்ளது. இரும்பாலைப் புகை படியும் அவ்விடத்தே, பிழைப்பு நாடி வடக்கினின்று வந்த தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். அவருள் ஒருவரின் மகன், பத்து வயதுச் சிறுவன், மாலைதோறும் எம் திண்ணையில் வந்து அமர்வான். அவனுக்குத் தமிழ் சரிவர வாராது. எனக்கு ஒடியா அறவே வாராது. ஆதலின் சதுரங்கமே எம்மிருவர்க்கும் பொதுமொழியாயிற்று. ஆட்டம் முழுவதையும் யானே அவனுக்குக் கற்பித்தேன்.

ஓராண்டு கழிந்தது. ஒருநாள் அவன் தன் இராணியை என் அரசனுக்கு அருகே வலியக் கொணர்ந்து நிறுத்தினான். யான் மகிழ்ந்து அதனை யானையால் வெட்டினேன். அடுத்த கணம் அவன் குதிரை பாய்ந்தது. என் காய்களே சிறைச்சுவராகச் சூழ்ந்து நிற்க, அசைய இடமின்றி என் அரசன் மடிந்தான். சிறுவன் கைகொட்டி நகைத்தான். என் தந்தையாரும் நகைத்தார். என் முகம் கருகியது. ‘பரீட்சை நெருங்குகின்றது’ எனப் பொய்க்காரணம் கூறிப் பலகையைப் பரண்மேல் வைத்துவிட்டேன். இரு வாரம் அவன் திண்ணையில் வந்து வறிதே அமர்ந்து சென்றான்.

அந்நாட்களில், கல்லூரிக்கு இரயிலில் வருங்கால், சென்னை ஆர். பி. ரமேஷ் அவர்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அவர் 2002-ல் பிரிட்டிஷ் போட்டியில் வாகை சூடியவர், 2003-ல் கிராண்ட்மாஸ்டர், 2007-ல் காமன்வெல்த் வீரர். அத்தகையார், மனைவியார் ஆர்த்தி ராமசாமியுடன் 2008-ல் ‘செஸ் குருகுலம்’ நிறுவிப் பிறர் பிள்ளைகளைப் பயிற்றத் தொடங்கினார். காயைத் தொடாது, பல நகர்த்தல்களை மனத்தாலேயே முன்னோக்கிக் கணக்கிடுதல் அவர் பெரிதும் வற்புறுத்தும் பயிற்சி. அவரிடம் பயின்ற பிரக்ஞானந்தா 2018-ல், 12 வயது 10 மாதத்தில், கிராண்ட்மாஸ்டரானார். அந்நாள்வரை அவரினும் இளமையில் அப்பட்டம் எய்தியவர் உலகில் ஒருவரே. 2023-ல் பாகு நகரில் உலகக் கோப்பை இறுதிச் சுற்றுவரை சென்றார். தமக்கை வைஷாலியும் அவ்வாசானிடமே பயின்று அப்பட்டத்தை அடைந்தார். அக்காளும் தம்பியும் இருவருமே கிராண்ட்மாஸ்டராவது உலகில் இதுவே முதன்முறை.

ஒரு செய்தி என்னை நாணச் செய்தது. 2023-ல் மாணாக்கர் 2700 தரப்புள்ளிகளைக் கடந்தார். ஆசான் அவ்வெல்லையை எந்நாளும் எட்டியவரல்லர். தம்மை வெல்லத்தக்கவரை ஆக்குவதற்கே அவர் தம் ஆண்டுகளைச் செலவிட்டார். யானோ, ஒரு தோல்வியைத் தாங்கமாட்டாது ஒரு பிள்ளையின் மாலைப்பொழுதுகளைப் பறித்தேன்.

அன்று மாலையே பலகையை இறக்கினேன். “தம்பி, அந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடு” என்றேன். அவன் காய்களை அடுக்கி, இராணியைச் சுட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், “அண்ணா, இது போனா போகட்டும்” என்றான்.

இப்பொழுது பத்து ஆட்டங்களில் ஏழில் தோற்கின்றேன். நிலம் என்னும் உவமையின் பொருள் சிறிது விளங்குகின்றது. தன்மேல் நின்று உயர்வாரைத் தாங்குதல் அதன் இயல்பு.