சேறு கேட்கும் சக்கரம்

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படும் என்ற செய்தி வந்துவிட்டால் வலங்கைமான் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் டிராக்டர் கேஜ் வீல்கள் வந்து குவியும். ஆறு மாதமாக வயலோரத்தில் துருவேறிக் கிடந்தவை. குறுவைக்குச் சேறு அடிக்கும் முன் தேய்ந்த ஆங்கிள்களை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அந்த வேலையைப் பார்க்கத்தான் குடமுருட்டிப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குப் போனேன்.

இரும்பு வளையங்களைக் குறுக்கு ஆங்கிள்களால் இணைத்தால் கேஜ் வீல். கேட்க எளிது. ஆங்கிள் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதில்தான் தொழில் இருக்கிறது. சாய்வு தவறினால் சேறு உதிராமல் அப்பிக்கொள்ளும். அப்புறம் அது சக்கரமல்ல, உருளை. பட்டறைக்காரர் ஒரு கையில் கறுப்புக் கண்ணாடியும் மறு கையில் வெல்டிங் ராடுமாகக் குந்தியிருந்தார். சீசனில் இரவு கண் எரிந்து தூக்கம் வராது என்றார். உதவிக்கு இருக்கும் பையன்களுக்கு அந்தக் கண்ணாடியும் இல்லை.

டிராக்டர்காரர் ஒருவர் வந்து, “வளையத்தைப் பெருசாப் போட்டுக் குடுங்கண்ணே” என்றார்.

“வயல் எந்தப் பக்கம் தம்பி? களியா, மணல் கலந்ததா? காலை வச்சா எதுவரைக்கும் எறங்கும்?”

“முழங்கால் வரைக்கும்.”

“அப்ப பெருசாப் போட்டாலும் வண்டி வயிறு தட்டிரும். அந்த இடத்தை விட்டுட்டு ஓட்டு.”

பட்டறைக்காரர் கேட்ட கேள்விகளில்தான் சக்கர அளவின் சூட்சுமமே அடங்கியிருக்கிறது. ஆண்டாண்டாகச் சேற்றுழவு நடக்கும் நெல்வயலில், மேல்சேற்றுக்கு அடியில் இறுகிய தரை ஒன்று உருவாகிவிடும். தண்ணீரைத் தாங்குவது அது. டிராக்டரைத் தாங்குவதும் அதுதான். உயரமும் ஒடுக்கமுமான சக்கரம் சேற்றைப் பிளந்து அந்தத் தரையைத் தொடும். அகலச் சக்கரம் மேலேயே வழுக்கும். கடற்கரை மணலில் ஜீப் ஓட்டுகிறவர்கள் அகல டயர் போட்டுக் காற்றைக் குறைப்பார்கள். அங்கே தொட அடித்தரை இல்லை, மிதந்துதான் போகவேண்டும்.

டயரிலும் இதே கணக்குதான். 13.6-28 என்றால் அகலம் 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம். 50 குதிரைத்திறன் வண்டிகளில் 14.9-28, 16.9-28 பார்க்கலாம். சேற்றுக்கென்றே ஆர்-2 என்ற வகை உண்டு. அதன் ரப்பர்க் கட்டைகள் சாதாரண உழவு டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆழம். தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும். டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடை கூட்டுவது டிரெய்லர் இழுக்க உதவும். சேற்றில் அந்த எடையே வண்டியை இறக்கிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் பின் டயரை மட்டும் பெரிதாக்கினால் முன்னும் பின்னும் வேகம் ஒத்துவராமல் பல்சக்கரங்கள் அடிவாங்கும்.

கேஜ் வீலில், டயரைக் கழற்றிவிட்டு மாட்டுவது ஃபுல் கேஜ். பிடி அதிகம், ஆனால் தார்ச்சாலையில் ஏற்றினால் சாலை கிழியும். டயருக்குப் பக்கத்தில் மாட்டும் ஹாஃப் கேஜ் விட்டத்தில் சிறியது. சாலையில் தரை தொடாது, டயர் சேற்றில் இறங்கியதும் மண்ணைக் கவ்வும். பட்டறையில் இப்போது அதற்குத்தான் கிராக்கி.

புதைந்த வண்டியை மீட்கப் பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்கியர் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சக்கரம் சுழல வழியில்லாதபோது வண்டியே முன்பக்கம் தூக்கி ஓட்டுநர்மேல் கவிழும். பின்கியரில் மெல்ல எடுக்க வேண்டும். வராவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிட வேண்டும்.

குதிரைத்திறனையும் பக்கத்து வீட்டு வண்டியையும் பார்த்துச் சக்கரம் வாங்காதீர்கள். சேறு அடித்த வயலில் ஒரு கம்பை ஊன்றி, அடித்தரை எத்தனை அங்குலத்தில் தட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். போகும்போது அந்தப் பையன்களுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுக்கும்படி சொல்லுங்கள்.