எங்கள் ஒற்றை லொறி

ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, வாலிபத் தம்பிமார் இரண்டு மூன்று பேர் எங்களைச் சுற்றி நிற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. "அண்ணா, சொந்த லொறி எடுத்தால் நல்ல உழைப்பாமே? எங்களுக்கும் வழி சொல்லுங்கோவன்" என்று கேட்கிறார்கள். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் இந்த இதழில் எழுதுகிறோம். ஸ்டியரிங் பிடிப்பவர் இவர்; எழுதுவது வார்டில் நிற்கும் நேர்ஸ். ஆனால் கடனும் கணக்கும் பயமும் ஜெபமும் எங்கள் இருவருக்கும் பொது. ஆகவே "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

ஏழு வருடம் ஒரு கொம்பனியின் லொறியை ஓட்டினோம். கிழமைக்குக் கிழமை சம்பளம் வந்தது. சம்பளத்தோடு விடுமுறையும் இருந்தது. ரயர் வெடித்தால் அது கொம்பனியின் தலைவலி. அதே துறைமுகத்துக்குச் சொந்த லொறியோடு வருகிறவர்கள் பில்லில் எழுதும் தொகையைப் பார்த்து எங்களுக்கு ஆசை வந்தது. அந்தத் தொகையிலிருந்து என்னென்ன கழியும் என்று நாங்கள் கேட்கவில்லை.

கையில் கிளாஸ் வன் லைசென்ஸ் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்திருந்தோம். அது ஓட்டுவதற்கான அனுமதி மட்டுமே. பிரித்தானியாவில் மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட வாகனத்தில் பிறருடைய சரக்கைக் கூலிக்கு ஏற்றுவதென்றால் ஒப்பரேட்டர் லைசென்ஸ் வேண்டும். அதைத் தருபவர் ட்ராஃபிக் கமிஷனர். முதல் வாகனத்துக்கு 8,000 பவுண் எங்கள் கையில் உண்டு என்று வங்கிக் கணக்கோடு காட்ட வேண்டியிருந்தது. லொறியை வீட்டுத் தெருவில் விட முடியாது. லூட்டனுக்குப் பக்கத்தில் ஒரு யார்டில் வாடகைக்கு இடம் எடுத்தோம். அந்த இடத்தைக் குறிப்பிட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டோம். அயலில் இருப்பவர்கள் ஆட்சேபிக்க விரும்பினால் ஆட்சேபிக்கலாம். பராமரிப்புக்கு ஒரு கராஜோடு ஒப்பந்தம் எழுதினோம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தகுதிபெற்ற ட்ரான்ஸ்போர்ட் மனேஜர் ஒருவர் வேண்டும். வெளியாள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வசதியில்லை. ஆகவே இவரே படித்தார். ஒருவர் நைட் ஷிஃப்டுக்குப் போக, மற்றவர் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு மேசையில் புத்தகத்தோடு இருந்தார். இரண்டு பேப்பரில் ஒன்றில் முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை தேறினார். லைசென்ஸ் கடிதம் வந்த அன்று பாயாசம் வைத்தோம். கஷ்டம் முடிந்தது என்று நினைத்தோம். உண்மையில் அன்றுதான் தொடங்கியது.

பழைய ட்ரக்டர் யூனிட் ஒன்றைத் தவணைக்கு எடுத்தோம். ட்ரெயிலர் வேலை தருகிற கொம்பனியுடையது. அதை இழுப்பது எங்கள் பொறுப்பு. ஒரு நாளுக்கு 400 மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட லொறி ஒரு கலனுக்கு எட்டு மைல் அளவில் போகும். அப்படியென்றால் நாளுக்கு 50 கலன், ஏறக்குறைய 225 லீற்றர் டீசல். டீசல் கார்டின் பில் கிழமைக்குக் கிழமை வந்துவிடும். நாங்கள் ஓடிய ஓட்டத்துக்கான பணமோ பில் கொடுத்து 60 நாள் கழித்துத்தான் வரும். இடையில் இன்ஷூரன்ஸ், தவணை, யார்ட் வாடகை, ஆறு கிழமைக்கு ஒருமுறை செய்யும் பாதுகாப்புப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக வந்தன. காட்டிய 8,000 பவுணை எடுத்துச் செலவழிக்கலாமே என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அது லைசென்ஸ் இருக்கும் காலமெல்லாம் எங்கள் கைக்கெட்டும் நிலையில் இருக்க வேண்டிய பணம். முதல் இரண்டு மாதம் லொறியின் தவணையைக் கட்டியது வார்டுச் சம்பளம்தான்.

மூன்றாம் மாதம் ரேர்போ பழுதானது. லொறி எட்டு நாள் கராஜில் நின்றது. ஓடாத நாட்களுக்கும் தவணை உண்டு. திருத்திய பில்லைப் பார்த்து, இருவரும் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தோம்.

லொறி மீண்டும் ஓடத் தொடங்கி இரண்டாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு லொறியை நிறுத்திவிட்டு இவர் வீட்டுக்கு வந்திருந்தார். வேலை தருகிற இடத்திலிருந்து தொலைபேசி. ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்திலிருந்து சனி இரவு ஒரு கொன்ரெயினர், இரட்டிப்புக் கட்டணம். அதை எடுத்தால் கராஜ் பில்லில் பெரிய பகுதி தீர்ந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். லொறிச் சாரதிக்கு வார ஓய்வு 45 மணித்தியாலம். சில கிழமைகளில் அதை 24 ஆகக் குறைக்கலாம், அடுத்த கிழமை குறைக்க முடியாது. போன கிழமை, நின்றுபோன நாட்களை ஈடுகட்ட, ஏற்கெனவே குறைத்திருந்தோம். இந்தக் கிழமை ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு முன் லொறியைத் தொட முடியாது. அதைச் சொன்னோம். "கார்டை வெளியில எடுத்திட்டு ஓடுங்கோ, எல்லாரும் செய்யிறதுதானே" என்று பதில் வந்தது. சாரதியின் மணிக்கணக்கைப் பதியும் கார்ட் அது. அதை எடுத்துவிட்டு ஓடுவது குற்றம்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எங்களில் நேர்ஸாக இருக்கிறவள்தான் முதலில், "ஒரு தடவைதானே, போட்டு வாங்கோ" என்று சொன்னாள்.

களைத்த உடம்பு என்ன செய்யும் என்று எங்கள் வீட்டில் அதிகம் தெரிந்தவள் அவள். தொடர்ந்து மூன்றாம் இரவு வேலை செய்கிறபோது மருந்தின் அளவை இரண்டு தரம் கணக்குப் பார்த்தும் மனம் நம்பாது. ஒரு காலை நைட் முடித்துக் காரோட்டி வந்து வீட்டு வாசலில் நின்றபோது, கடந்து வந்த ரவுண்டபவுட் ஒன்றுகூட அவளுக்கு நினைவில் இல்லை. அவ்வளவும் தெரிந்திருந்தும், மேசையில் பில் இருந்தபோது வாய் அப்படிச் சொன்னது.

இவர் கோபிக்கவில்லை. "மூண்டு நைட் முடிச்ச நேர்ஸை நாலாவது நைட்டுக்கும் வரச் சொன்னால், உம்மட வார்டில நீர் என்ன சொல்லுவீர்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் இருக்கவில்லை. ஏற்றினால் 44 தொன் வரை வரும் வண்டி அது. அதற்கு முன்னால் சிறிய காரில் யாரோ ஒரு குடும்பம் போகும்.

முடியாது என்று சொன்னோம். அதற்கு உடனே பலன் கிடைத்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. அந்த இடத்திலிருந்து மூன்று கிழமை நல்ல வேலை எதுவும் வரவில்லை. தங்கச்சியிடம் கடன் வாங்கித்தான் டீசல் பில் கட்டினோம். பிறகு வேறொரு இடம் பிடித்தோம். அங்கே கட்டணம் குறைவு. ஆனால் 30 நாளில் பணம் வருகிறது, ஓய்வு நேரத்தில் தொலைபேசி அடிப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்றைப் புரிந்துகொண்டோம். கொம்பனியில் வேலை செய்தபோது, "மணி முடிஞ்சுது, நிப்பாட்டு" என்று சொல்ல ஒரு ஒஃபிஸ் இருந்தது. இப்போது அந்த ஒஃபிஸும் நாங்கள்தான். ஓட்ட ஆசைப்படுகிறவரும் ஓடாதே என்று சொல்ல வேண்டியவரும் ஒரே ஆள். அவருக்குத் துணையாக வீட்டிலும் ஒருவர் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அன்று அந்தத் துணை தவறிவிட்டது. அதன் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம்: காசு நெருக்கடியான நேரத்தில் வரும் வேலைக்கு, இருவரும் மணிக்கணக்கைச் சேர்ந்து பார்க்காமல் பதில் சொல்வதில்லை.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. தவணை இன்னும் மீதி இருக்கிறது, தங்கச்சியின் கடன் தீர்ந்தது. வார்டில் ஷிஃப்ட் தொடங்கும்போது படுக்கை படுக்கையாகப் பார்ப்பதுபோல, விடியற்காலையில் இவர் ரோச் லைட்டோடு லொறியைச் சுற்றி வந்து ரயர், பிரேக் குழாய், விளக்கு எல்லாம் பார்த்து எழுதுகிறார். பராமரிப்புத் தாள்களை 15 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் எங்கள் சமையலறை லாச்சி ஒன்றில் கரண்டிக்கு இடமில்லை. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பதிலாக வீட்டுச் சோறு போகிறது. உழைப்பு கொம்பனிச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூட. தம்பிமார் நினைக்கிற அளவுக்கு இல்லை.

தம்பி, தங்கச்சிமாரே, இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா 14ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறீர்கள். நாங்கள் கட்டத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்தோம். நீங்கள் முதலிலேயே உட்காருங்கள். ஒரு கொப்பி வாங்கி, மூன்று மாதம் ஒரு சதமும் வராவிட்டால் எதைக் கொண்டு டீசல் அடிப்பீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். "இண்டைக்கு ஓடாதே" என்று உங்களுக்கு யார் சொல்வார்கள் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன் இவர் நித்திரை.