சுண்ணாம்புக்கு அடியில் ஒரு நீலம்

படகின் மேல் கையை வைத்து எடுத்தால் உள்ளங்கை வெள்ளையாகிவிடும். பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல ஒரு தூள். வேதாரண்யம் பக்கத்து மீனவ கிராமம் ஒன்றில், ஐந்து மாதமாகக் கரையிலேயே கிடந்த அந்த ஃபைபர் படகை விலைக்குப் பார்க்க வந்தவர், கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சாயமே போயிடுச்சு பெரியவரே. இதுக்கு மேல விலை தாங்காது."

அவர் சொன்ன தொகை எஞ்சினுக்கே காணாது. அப்பா பதில் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். முழங்கால் தேய்ந்து, டாக்டர் இனி கடலுக்குப் போகவே கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அவர் பேச்சு குறைந்துதான் போயிருந்தது.

மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கார்களுக்கு பாலிஷ் போடும் கடை ஒன்றில் அவனுக்கு நான்கு வருடமாக வேலை. "நாலு நாள் லீவு போட்டு, கடையிலேருந்து மெஷினைக் கேட்டு வாங்கிட்டு வர்றேன். படகு எப்படி ஆகுதுன்னு பாரும்மா" என்றான். அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். ஆனாலும் அம்மாவிடம்தான் சொன்னான். கடலுக்கு வரமாட்டேன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே எல்லாப் பேச்சும் அம்மா வழியாகத்தான் போய்வந்தது.

அந்தப் படகு வீட்டுக்கு வந்தது 2005-ல். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நாகை மாவட்டம்தான். அப்பாவின் கட்டுமரம் அன்றைக்குப் போனது போனதுதான். மறு வருடம் நிவாரணமாக வந்தது இந்த ஃபைபர் படகு. அடர்நீலம். அப்போது மகனுக்கு ஆறு வயது. லாரியிலிருந்து இறக்கிய படகின் பக்கவாட்டில் தன் முகம் தெரிந்ததையும், நாக்கை நீட்டி அதற்குப் பழிப்புக் காட்டியதையும் அவன் மறக்கவில்லை.

"கட்டுமரம்னா அவுத்துப் போட்டுக் காய வைக்கணும். ஃபைபருக்கு அந்த வேலையெல்லாம் கிடையாதுன்னாங்க. நாங்களும் நம்பிட்டோம்" என்பார் அப்பா.

ஃபைபருக்கும் வேலை உண்டு. கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் சேர்ந்ததுதான் படகின் உடம்பு. அதன் வெளிப்பக்கத்தில் நிறம் கலந்த ரெசின் ஒரு தோல் மாதிரி இருக்கும். ஜெல்கோட் என்பார்கள். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். வருடக்கணக்கில் வெயில் பட்டால், மேற்பரப்பில் உள்ள ரெசின் சிதைகிறது. அது பிடித்துவைத்திருந்த நிறத்தூள் பிடிமானம் இல்லாமல் வெளியே நிற்கிறது. கையில் ஒட்டும் வெள்ளைத் தூள் அதுதான். உப்பும் மணலும் சேர்ந்துகொண்டால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும்.

காரைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். படகுக்கு பாலிஷ் போடுவது அதுதான் முதல் தடவை.

மே மாதம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கரையில் ஆட்கள் இருந்தார்கள். பத்துப் பேர் கைகொடுத்துப் படகைத் தள்ளிக்கொண்டுவந்து வீட்டோரப் பூவரச மரத்தடியில் நிறுத்தினார்கள். வெயிலில் சுட்டுக் கிடக்கும் படகின் மேல் காம்பவுண்டைத் தடவினால், தேய்ப்பதற்குள் காய்ந்து அப்பிக்கொள்ளும். அதனால் விடிகாலையிலும், வெயில் இறங்கிய பிறகும்தான் வேலை என்று முடிவு செய்துகொண்டான்.

முதல் நாள் முழுக்கக் கழுவல். இருபது குடம் நல்ல தண்ணீர். அம்மா முகம் சுளித்தாலும் கொடுத்தாள். உப்பும் மணலும் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால், அதுவே கீறிவிடும். ஷாம்பு போட்டுக் கழுவியதும் ஒரு அதிசயம். ஈரமாக இருந்த இடமெல்லாம் ஆழ்ந்த நீலம். "அட, சாயம் இருக்கே!" என்றாள் அம்மா. பத்து நிமிடத்தில் தண்ணீர் காய்ந்தது. மறுபடி சாம்பல்.

அன்று மாலை, கார்களுக்குப் போடும் மென்மையான பாலிஷை எடுத்து, பின்பக்கம் ஒரு முழ அகலத்துக்குப் போட்டுப் பார்த்தான். பளிச்சென்று வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். காலையில் அந்த இடத்தை ஷாம்புத் தண்ணீரில் துடைத்ததும் பளபளப்பு துணியோடு போய்விட்டது. பாலிஷில் இருந்த எண்ணெய்தான் மினுக்கியிருக்கிறது. சுண்ணாம்பு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"அது மேல எதைப் பூசினாலும் நிக்காது" என்று ஒரு குரல். திரும்பினால் அப்பா. பிளாஸ்டிக் நாற்காலியைப் பூவரச நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "செத்த தோலை உரிச்சாத்தான் உள்ளே இருக்கிறது தெரியும்." இரண்டு வருடத்தில் அவனிடம் அவர் நேராகப் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் நாள் வாட்டர் பேப்பர். 1000-ம் நம்பரில் ஆரம்பித்தான். வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்து, ஒரு ரப்பர் கட்டையில் சுற்றி, ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். ஈரத்தில் தேய்ப்பதால் தூள் மூச்சில் ஏறாது. நான்கைந்து இழுப்பிலேயே நீல நிறத்தில் பால் வழிந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான்.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. இப்போது வரும் கார்களில் நிறத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். தேய்க்கும் துணியில் காரின் நிறம் ஏறினால், அந்தப் பூச்சைத் தேய்த்துத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். கடையில் அப்படி ஒரு தடவை நடந்து, அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். படகில் அந்தக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. நிறமும் தோலும் ஒன்றுதான். நீலம் வழிந்தால் தோல் உரிகிறது என்று அர்த்தம். அது புரிவதற்கு அவனுக்கு அரைமணி நேரம் ஆனது. புரிந்த பிறகும் கை கொஞ்சம் நடுங்கியது.

1000, பிறகு 1500, பிறகு 2000. ஒவ்வொரு பேப்பரும் முந்தைய பேப்பரின் கோட்டை அழிக்கும். மதியத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. படகின் ஒரு பக்கம்கூட முடியவில்லை. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, வாளியில் கிடந்த இன்னொரு பேப்பரை எடுத்தார். நின்றால்தானே முழங்கால் வலிக்கும்? நாற்காலியைப் படகோரம் போட்டு, உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் இடத்தைத் தேய்த்தார். யாரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேப்பர் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் மெஷின். வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, தண்ணீர் படாமல் மரக்கிளையில் மாட்டிக்கொண்டார்கள். பதிவு எண் எழுதியிருந்த இடத்தை டேப் ஒட்டி மறைத்தான். கம்பளி பேடில் காம்பவுண்டு எடுத்து, இரண்டடிக்கு இரண்டடியாகப் பிரித்துக்கொண்டு, 1,500 சுற்றுக்கு மேல் போகாமல் ஓட்டினான். மெஷின் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் சூடு ஏறும்.

எல்லாம் தெரிந்தும், அணியத்தின் விளிம்பில் திரும்பும்போது ஒரு நொடி நின்றுவிட்டது. விளிம்புகளில் ஜெல்கோட் மெலிந்திருக்கும். நீலம் போய், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பாக உள்துணியின் இழை தெரிந்தது.

அவன் மெஷினை அணைத்துவிட்டு அப்படியே நின்றான். அப்பா கிட்டே வந்து விரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தான். "இருபது வருசமா கடல் செய்யாததை நீ ரெண்டு நிமிசத்துல செஞ்சிட்டியே" என்று சிரித்துவிட்டார். அம்மா வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள், சிரிப்பது யார் என்று.

நாகையில் ஃபைபர் சாமான் கடைக்கு ஓடி, கொஞ்சம் நீல ஜெல்கோட்டும் ஹார்டனரும் வாங்கிவந்து அந்த இடத்தில் பூசினார்கள். காற்றுப் பட்டால் மேல்பக்கம் பிசுபிசுப்பாகவே இருந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னபடி, பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டி இரவு முழுக்க விட்டார்கள். காலையில் அந்த இடம் கல்லாகியிருந்தது.

இடது பக்கத்தை முடித்தபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. பக்கவாட்டின் நடுவில், ஒன்றரை அடி நீளத்துக்கு வேறு மாதிரி ஒரு நீலம். சுண்ணாம்பு மூடியிருந்தவரை எல்லாம் ஒரே சாம்பல். இப்போது சுற்றிலும் மினுங்க, அந்த ஒட்டு மட்டும் தனியாகத் தெரிந்தது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் இந்தக் கரையில் ஏறிய இரவில், படகு இன்னொரு படகின் மேல் தூக்கி அடிக்கப்பட்டு உடைந்த இடம் அது.

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று நாள் தேய்த்தது, குறையைக் கண்ணுக்குக் காட்டுவதற்கா? "ஒரு பெரிய ஸ்டிக்கர் ஒட்டிடலாம்ப்பா. சாமி படம் ஏதாவது. யாருக்கும் தெரியாது."

"காருக்கு ஒட்டு."

"இல்லப்பா, விலை..."

"தம்பி, காரு நின்னுபோனா இறங்கி நடந்துடலாம். நடுக்கடல்ல எங்க இறங்குறது? வாங்குறவன் எங்க தட்டிப் பாக்கணும்னு அவனுக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டு, வளைத்த விரல் முட்டியால் ஒட்டைத் தட்டினார். டக் டக் என்று கெட்டியான சத்தம். பக்கத்தில் நல்ல இடத்தைத் தட்டினார். அதே சத்தம். "உள்ளே துணி பிரிஞ்சிருந்தா சத்தம் செத்துப்போயிருக்கும். பொத்துன்னு கேக்கும். இது பிடிச்சிருக்கு." பிறகு மகனின் கையைப் பிடித்து, தட்டச் சொன்னார். அவன் தட்டினான். படகு என்ன சொல்கிறது என்று அவன் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. படகின் முழு நீளத்துக்கும் இரண்டு பேரும் தட்டிக்கொண்டே போனார்கள். பின்பக்கம் எஞ்சின் மாட்டும் இடத்துக்குக் கீழே ஒரு கையளவு இடத்தில் சத்தம் மாறியது. அப்பா சாக்பீஸால் அங்கே ஒரு வட்டம் போட்டார்.

நான்காம் நாள் மெழுகு. வாக்ஸை மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அப்பா தன் பழைய கைலியைக் கிழித்துக் கொடுத்தார். வெயிலுக்கும் உப்புக்கும் ஜெல்கோட்டுக்கும் நடுவே அந்த மெழுகுதான் குடை. அதைப் போடாவிட்டால் பட்ட பாடெல்லாம் சீக்கிரமே வெளுத்துவிடும்.

"இந்த மினுமினுப்பு எத்தனை நாளைக்கு?"

"கடற்கரை வெயில்ல நாலு மாசம் வரும்ப்பா. திரும்ப வாக்ஸ் போட்டுட்டே இருந்தா இருக்கும். ஆனா பேப்பர் போட்டு அடிக்கடி தேய்க்க முடியாது. இருக்கிற தோலே அரை மில்லிமீட்டர்தான்."

அப்பா தலையாட்டினார். தொழில் தெரிந்தவர் சொல்வதைத் தொழில் தெரிந்தவர் கேட்டுக்கொள்ளும் தலையாட்டல் அது. கடை வேலையைப் பற்றி அவர் மகனிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

அடுத்த வாரம் வேறொருவர் தன் தம்பியோடு படகு பார்க்க வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து கடலுக்குப் போகிறவர்கள். நீலத்தைப் பார்த்ததுமே தம்பிக்காரருக்குப் பிடித்துவிட்டது. அப்பா அவர்களை நேராக இடது பக்கத்துக்குக் கூட்டிப்போய், "இது கஜாவுல ஒடஞ்சு ஒட்டினது. தட்டிப் பாருங்க" என்றார். பிறகு சாக்பீஸ் வட்டத்தைக் காட்டினார். "இதைப் பிரிச்சு, துணி போட்டு ஒட்டிட்டுத்தான் கடல்ல எறக்கணும்."

அண்ணன்காரர் குனிந்து ரொம்ப நேரம் தட்டிக் கேட்டார். விலையில் ஐயாயிரம் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா சரி என்றார். அப்படியும், முதலில் வந்தவர் சொன்னதைவிட அது நல்ல விலைதான்.

படகை ஏற்ற டிராக்டர் வந்தபோது, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து அணியத்தோரம் போய் நின்றார். மினுங்கும் நீலத்தில் தன் முகத்தைப் பார்த்தார். "வயசாயிடுச்சுடா" என்றார்.

மகன் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நீலத்தில் இப்போது இரண்டு முகம்.

வண்டி நகரும்போது அப்பா பின்னாலேயே நாலு எட்டு நடந்து, அந்தத் தம்பிக்காரரிடம் சத்தமாகச் சொன்னார்: "கரையேறினதும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க தம்பி. மெழுகு தீர்ந்தா சொல்லியனுப்புங்க. எம்மவன் வந்து போட்டுத் தருவான்."