மாயக் கதையும் மட்டமான படங்களும்

“மாயாஜாலப் படமா? அது சிறுபிள்ளைகளுக்கு” என்று சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கம் நம் இல்லங்களில் நெடுநாளாக உண்டு. நம்பத் தகாத எதையேனும் ஒருவர் சொல்லிவிட்டால், “விட்டலாச்சார்யா படம் போலல்லவா இருக்கிறது!” என்று நகைப்பதும் நாம் அறிந்ததே. ஓர் இயக்குநரின் பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டதென்றால், அந்தக் கலைவகையின் மதிப்பு எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும்! இத்தாழ்வுக்கு மட்டமான படங்கள்தாம் காரணமா? இனி வரவிருக்கும் நல்ல படங்களின் வழியையும் அவை அடைத்துவிடுகின்றனவா? இக்கேள்வி திரைப்பட வணிகர்களுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும் உரியது என்பது என் எண்ணம்.

அவ்வாறு நான் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பங்கில் மறைக்கல்வி கற்பிப்போருள் நானும் ஒருவன். ஒரு ஞாயிறன்று வகுப்பு முடிந்தபின், தந்தை ஒருவர் தம் பத்து வயது மகளின் கையிலிருந்த நார்னியாக் கதைப் புத்தகத்தை வாங்கித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். “தொலைக்காட்சியில் இத்தகைய படம் ஒன்றைப் பார்த்தேன், ஐயா. சூனியமும் வாள்வீச்சும் இரத்தமும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இந்தக் குப்பை இனி நம் வீட்டிற்கு வேண்டாம்” என்றார். அவர் பார்த்த படம் வேறு. மகள் படித்த கதை வேறு. ஆயினும் ஒன்றின் பழி மற்றொன்றின் மேல் விழுந்தது. தண்டனை பெற்றதோ அந்தச் சிறுமி! மட்டமான படத்தால் விளையும் தீங்கு எத்தகையது என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

திரையுலக வரலாறு இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1982-இல் அமெரிக்காவில் ‘கோனான்’ என்னும் வீரனின் படம் வெற்றி கண்டது. உடனே அதன் சாயலில் மலிவான வாள்வீச்சுப் படங்கள் வரிசையாக வந்து குவிந்தன. பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட ‘க்ரல்’ (1983), ‘லெஜண்ட்’ (1985), ‘லாபிரிந்த்’ (1986) முதலியவை போட்ட பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதன்பின் இவ்வகைப் படங்களுக்குப் பெரும்பணம் முடக்கத் தயங்கினர் முதலாளிகள். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ பலரது கேலிக்கு ஆளாயிற்று. “இனி இவ்வகைக்கு எதிர்காலமில்லை” என்று அப்போது ஒருவர் கூறியிருந்தால் மறுப்பது அரிதாயிருந்திருக்கும்.

ஆனால் சரியாக ஓராண்டு கழித்து, 2001 டிசம்பரில், டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் முதற்பகுதி திரைக்கு வந்தது. 2003-இல் வந்த மூன்றாம் பகுதி 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. முந்தைய ஆண்டின் அவமானம் இந்த வெற்றிக்குக் குறுக்கே நிற்கவில்லை. நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கரங்கள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அரசிளங்குமரிக்குத் தேவமாதா மீண்டும் கரங்களை அருளிய ஞானசௌந்தரி கதையை, நம் முன்னோர் நாடகமாகக் கண்டு கண்ணீர் சிந்தினர். அதே கதை 1948-இல் இரு நிறுவனங்களால் இருவேறு படங்களாக எடுக்கப்பட்டது. ஒன்று தோல்வியுற்றது, மற்றொன்றை மக்கள் கொண்டாடினர். ஒரு படத்தின் தோல்வி கதையைக் கொன்றுவிடவில்லை.

அப்படியானால் மட்டமான படங்களால் தீங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. முதல் தீங்கு பணம் போடுவோரின் மனத்தில் நிகழ்கிறது. ஒன்று வென்றால் அதன் புறத்தோற்றத்தை மட்டும் பார்த்து, “மக்களுக்கு வேண்டியது இதுவே” என்று அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். டோல்கீன் படங்களின் வெற்றிக்குப்பின் நிகழ்ந்தது இதுதான். அப்படங்களை எடுத்த நிறுவனமே 2007-இல் ‘கோல்டன் காம்பஸ்’ என்ற படத்தை ஏறத்தாழ 18 கோடி டாலர் செலவில் வெளியிட்டது. திருச்சபையின் மீது பகைமை காட்டும் நாவல் அது. கத்தோலிக்க அமைப்பு ஒன்று அமெரிக்காவில் அதைப் புறக்கணிக்குமாறு கேட்டுக்கொண்டது. படம் எடுத்தவர்களோ அப்பகைமையை மழுப்பிவிட்டார்கள். விளைவு? நாவலை விரும்பியோருக்கும் மனநிறைவில்லை, எதிர்த்தோருக்கும் மனநிறைவில்லை. தொடர்ந்து வரவேண்டிய இரு படங்கள் எடுக்கப்படவேயில்லை. இக்கதையின் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒரு கதை தன் முதுகெலும்பை இழந்தபின் காட்சிச் சிறப்பு மட்டும் அதை நிமிர்த்திவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நல்ல கலைஞரையும் இந்தப் பேராசை விடுவதில்லை. டோல்கீன் 1937-இல் சிறுவர்களுக்காக வெளியிட்ட ‘ஹாபிட்’ என்ற சிறிய நூல், 2012 முதல் 2014 வரை மூன்று நெடும்படங்களாக இழுக்கப்பட்டது. முன்னைய மூன்றையும் இயக்கியவரே இவற்றையும் இயக்கினார். ஒரு படி மாவில் மூன்று படிக்குத் தண்ணீர் விட்டால் தோசை எப்படி வரும்?

இனி, மட்டமான படம் என்பது எது? தந்திரக் காட்சி எளிமையாக இருப்பதாலேயே படம் மட்டமாகிவிடுமா? 1951-இல் வந்த ‘பாதாள பைரவி’யையும் 1957-இல் வந்த ‘மாயா பஜா’ரையும் எண்ணிப் பாருங்கள். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், மார்கஸ் பார்ட்லி தம் காமிராவைக் கொண்டே நம்மை வியக்க வைத்தார். விட்டலாச்சார்யாவும் குறைந்த செலவில் எலும்புக்கூடுகளை ஆடவைத்து எளிய மக்களை மகிழ்வித்தார். அவரை எள்ளி நகையாடுவது நன்றியன்று. எனவே குறை கருவியில் இல்லை.

இதற்கு விடை தேட டோல்கீனிடமே செல்வோம். அவர் நம்மவர். அவருடைய தாயார் 1900-ஆம் ஆண்டில் கத்தோலிக்க மறையைத் தழுவினார். அதனால் உறவினரின் ஆதரவை இழந்தார். 1904-இல் அவர் இறந்தபோது டோல்கீனுக்கு வயது 12. அனாதையான பிள்ளைகளைக் காத்து வளர்க்கும் பொறுப்பை ஏற்றவர் ஒரு குரு. பின்னாளில் தம் பெருநாவல் அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பே என்று அவர் 1953-இல் இயேசு சபையைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதினார். தீமையின் மோதிரம் அழியும் நாளாக அவர் குறித்தது மார்ச் 25. அது மங்கள வார்த்தைத் திருநாள் என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

1939-இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் மாயக் கதையின் இலக்கணத்தை அவர் விளக்கினார். கதாசிரியன் படைக்கும் உலகுக்கு உள்ளே ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தது என்ற நிலையில் எதிர்பாராத அருளாக ஒரு நற்திருப்பம் வரவேண்டும். மனித வரலாற்றில் அத்தகைய மாபெரும் திருப்பங்கள் கிறிஸ்துவின் பிறப்பும் உயிர்ப்புமே என்றார் அவர். அவருடைய நாவலில் மோதிரத்தை அழிக்கச் சென்ற நாயகன் கடைசி நொடியில் தோற்றுப்போகிறான். அவனைக் காப்பது வாளுமன்று, மந்திரமுமன்று; தகுதியற்ற ஒருவன்மீது முன்பு காட்டப்பட்ட இரக்கமே. மந்திரத்திற்கு விலையில்லாத, செயலுக்கு விளைவில்லாத, இரக்கத்திற்கு இடமில்லாத படம் எதுவோ அதுவே மட்டமான படம். அதில் கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டியிருந்தாலும் சரியே.

இந்த வேறுபாட்டைத் திருச்சபை முன்னரே கண்டிருக்கிறது. தோமாவின் பெயரால் வழங்கும் ‘குழந்தைப் பருவ நற்செய்தி’ என்ற பழைய நூலில், சிறுவன் இயேசு களிமண் குருவிகளைப் பறக்க விடுகிறார். தம்மீது மோதிய சிறுவனைச் சொல்லால் சாகடிக்கிறார். இத்தகைய நூல்களைத் திருச்சபை மறைநூல் தொகுப்பில் சேர்க்கவில்லை. ஆயினும் அப்போலிக் கதைகளுக்கு அஞ்சி உண்மையான புதுமைகளை அது கைவிட்டதா? இல்லையே! புதுமையைக் காட்சியாகப் பார்க்க ஆசைப்பட்டவன் ஏரோது. அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதை லூக்கா நற்செய்தி 23-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

திரைப்படம் தோன்றி நூறாண்டு நிறைந்ததையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த 45 படங்களின் பட்டியலில், ‘விசர்ட் ஆஃப் ஓஸ்’ (1939), ‘பேண்டேசியா’ (1940) ஆகிய மாயப் படங்களும் இடம்பெற்றன. குப்பை மலிந்த வகையென்று அவ்வகை முழுவதையும் அது தள்ளிவிடவில்லை.

ஆகவே என் முடிவு இது: மட்டமான படங்கள் மாயக் கதையை அழிப்பதில்லை, அதனிடம் வரவேண்டியவர்களைத்தான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. சுவையற்ற பிரசங்கம் நற்செய்தியைக் கெடுத்துவிடாது. ஆனால் கடைசி வரிசையில் இருப்பவனை வெளியே அனுப்பிவிடும் அல்லவா? அது போலத்தான். எதிர்காலம் எங்கோ ஹாலிவுட்டில் மட்டும் முடிவாவதில்லை. இன்று நல்ல கதையைச் சுவைக்கப் பழகிய பிள்ளைதான் நாளை நல்ல படத்தைக் கேட்டு வாங்கும் இரசிகனாகவும், ஒருவேளை அதைப் படைக்கும் கலைஞனாகவும் வளர்வான்.

அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகளுடன் அமர்ந்து படம் பாருங்கள். “இதில் நல்லவன் எதனால் வென்றான்? அதற்கு அவன் என்ன விலை கொடுத்தான்?” என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தப் படத்தை விலக்குங்கள். கதைப் புத்தகத்தைப் பறிக்காதீர்கள். வியக்கத் தெரிந்த உள்ளமே தொழவும் அறியும். அந்த வியப்பைக் காப்பது நம் கடமை.